ஜவ்வாது மலையை யார் அளப்பது?

நில அளவைத் துறையிலிருந்து ஓய்வுபெற்றுத் திருவண்ணாமலையில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பௌர்ணமி வந்தால் போனும் வரும். கிரிவலத்துக்கு வருகிறவர்களில் சிலர் மறுநாள் போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து கூப்பிடுவார்கள். "சார், ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு ஏக்கர் வருதாம். நல்ல குளிர்ச்சி, ரோட்டுக்கும் பக்கம். வாங்கிப் போடலாமா?" கேட்பவர் சென்னைக்காரராக இருப்பார், பெங்களூர்க்காரராக இருப்பார், சில நேரம் நம் ஊர் லாட்ஜ் முதலாளியாகவே இருப்பார். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பேப்பர் என்ன இருக்கு?"

வாட்ஸ்அப்பில் பேப்பர் வந்து விழும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். தாத்தா பெயரில் உள்ள நிபந்தனைப் பட்டாவின் நகல். முத்திரைத்தாளில் போக்கியம் எழுதிக் கைநாட்டு வைத்த ஒப்பந்தம். இல்லையென்றால் பி-மெமோ ரசீது.

பி-மெமோ என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, அரசுப் புறம்போக்கிலோ தரிசிலோ ஒருவர் பயிர் வைத்திருந்தால் கிராம நிர்வாக அலுவலர் அதைக் குறித்து அபராதத் தீர்வை போடுவார். 'நீ இருப்பது தப்பு' என்று சர்க்கார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. மலையில் அந்தச் சீட்டைத் தகரப் பெட்டிக்குள் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பார்கள். மடிப்பில் கிழிந்து, மஞ்சளேறி, முத்திரை மட்டும் ஊதா நிறத்தில் மங்கலாகத் தெரியும். கொல்லையில் சாமை விதைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய் அதை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். "நாங்க இங்கதான் இருக்கோம்னு சர்க்கார் எழுதிக் குடுத்தது சர்வேயர் சார்." அபராத ரசீதை ஆதாரமாகக் காட்டுகிறார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அவர் சொன்னது சட்டப்படி சரி. அந்த வருஷம், அந்த நிலத்தில், அந்தக் குடும்பம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல அரசு ஆவணம் அவரிடம் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலையில் காடு தேய்வதற்கும், காட்டில் இருக்கிறவர்கள் கூலிக்கு வெளியே ஓடுவதற்கும் காரணம் ஒன்றுதான்: யாருடைய எல்லை எது என்று இன்றுவரை தீராமல் கிடப்பது. காட்டை ஊர்வாரியாக, ஊரார் கண்ணெதிரே அளந்து, அதைக் காக்கிற உரிமையையும் பொறுப்பையும் அந்தந்த ஊர்க் கிராம சபையின் பெயரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஆளுக்கு அரை ஏக்கருக்குப் பட்டா கொடுத்து மேடையில் போட்டோ எடுத்துக்கொள்வது போதாது.

1882ல் சென்னை வனச் சட்டம் வந்தது. அதன் நடைமுறை காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கும். 4ஆம் பிரிவில் 'இந்த இடத்தைக் காப்புக்காடாக்கப் போகிறோம்' என்று அறிவிப்பார்கள். 6ஆம் பிரிவில் உரிமை கோருகிறவர்கள் வந்து சொல்லலாம் என்று பிரகடனம் போடுவார்கள். வன செட்டில்மெண்ட் அதிகாரி விசாரிப்பார். கடைசியில் 16ஆம் பிரிவில் காப்புக்காடு என்று முடிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மலைக்குடிக்கு அரசிதழில் வந்த பிரகடனம் எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. சேர்ந்த இடத்திலும், மேய்ச்சலுக்கும் தேனுக்கும் கடுக்காய்க்கும் தலைமுறையாகப் போய்வந்த வழியைப் பெரும்பாலும் 'உரிமை' என்று எழுதவில்லை. அனுமதி, சலுகை என்றுதான் எழுதினார்கள். இத்தனைக்கும் அதற்குப் பத்தாண்டுக்கு முன்னால், 1871ல், சென்னை வருவாய் வாரியமே இந்த யோசனையை எதிர்த்தது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஓர் ஊரின் எல்லைக்குள், ஏதாவது ஊராரின் அனுபவத்தில் இல்லாத காடு அநேகமாகக் கிடையாது என்பது அவர்கள் வாதம். எங்கள் துறையின் மூதாதையர்கள் சொன்ன உருப்படியான வார்த்தைகளில் அது ஒன்று. யாரும் கேட்கவில்லை.

இதே காலத்தில் உலகத்தின் அந்தக் கோடியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. கனடாவின் மேற்குப் புல்வெளியில் 1872ல் டொமினியன் நிலச் சட்டம் வந்தது. பத்து டாலர் கட்டினால் குடியேற வந்தவருக்கு 160 ஏக்கர். பூர்வகுடிகளோடு வரிசையாக ஒப்பந்தங்கள் போட்டார்கள். 1876ல் போட்ட ஆறாவது ஒப்பந்தத்தில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில் நிலம் ஒதுக்கச் சம்மதம். புல்வெளி முழுவதையும் ஆறு மைலுக்கு ஆறு மைல் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் 36 துண்டாக்கி அளந்தார்கள். அளந்த கருவி எது தெரியுமா? 66 அடி, நூறு லிங்க் உள்ள குண்டர் சங்கிலி. ஆர்க்காட்டு மாவட்டங்களின் பழைய புலப்படங்களில் நாங்கள் பார்க்கிற லிங்க் கணக்கும் அதே சங்கிலிதான். ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட்.

சங்கிலி ஒன்றாக இருந்தும் ஆள் கணக்கு ஏமாற்றிவிட்டது. வேட்டைக்குப் போயிருந்தவர்கள், கணக்கெடுப்பு நாளில் ஊரில் இல்லாதவர்கள் எல்லாம் விட்டுப்போக, ஒப்பந்தப்படி வரவேண்டிய நிலம் பல குடிகளுக்கு வரவில்லை. 1885க்குப் பிறகு அரசு ஏஜென்ட் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் ஒதுக்கிய நிலத்தைவிட்டு வெளியே போகக்கூட முடியாத நிலை. நூறு வருஷம் கழித்து, 1992ல், சஸ்காட்சவனில் அரசாங்கமே இருபதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி அமைப்புகளோடு உட்கார்ந்து, 'அன்று குறைத்துக் கொடுத்தோம்' என்று ஒப்புக்கொண்டு, குறைந்த நிலத்தை வாங்கிக்கொள்ளப் பணம் கொடுக்கிற ஒப்பந்தம் போட்டது. தப்பாக அளந்ததைத் திரும்ப அளக்க ஓர் அரசுக்கு நூறு வருஷம் கழித்தும் முடியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில் வாழ்கிற மலைக்குடியான மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல) பூர்வகுடியா என்று கேட்கிற அறிவாளிகள் நம் ஊரிலும் உண்டு. "அவங்களே காஞ்சிபுரத்துலேருந்து வந்தவங்கதானே சார்?" என்பார்கள். ஜவ்வாது மலைக்காரர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் பழங்கதை அப்படித்தான் போகிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளர் பெண்கள் ஏழு பேரைத் தூக்கிக்கொண்டு போய்விட, மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள், 'எங்கள் நாய்கள் மட்டும் தனியாகத் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்' என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் ஆற்றில் வெள்ளம். நாய்கள் மட்டும் நீந்தி வீடு திரும்பின. மனைவிமார் கருமாதியே செய்துவிட்டார்கள். உயிரோடு திரும்பி வந்தவர்களை ஊர் சேர்க்கவில்லை. அவர்கள் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். வந்தவனும் இருந்தவனும் கலந்த வம்சம் என்று அவர்கள் கதையே சொல்லிவிடுகிறது. மறைக்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அரசு அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் வைத்திருக்கிறது; அதிலும் ஒரு கோணல். பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, சேலம், தர்மபுரி, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் இருந்தால் மலையாளி பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் இருந்தால் இல்லை. இது மனிதனைப் பார்த்துப் போட்ட கோடு இல்லை, மாவட்ட வரைபடத்தைப் பார்த்துப் போட்டது.

இனி சந்தனத்துக்கு வருகிறேன். காடும் மக்களும் எப்படிப் பிரிந்தார்கள் என்பதை அந்த மரத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஜவ்வாது மலைச் சந்தனத்துக்கு அப்படி ஒரு பேர். திருப்பத்தூரில் அரசின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. ஆனால் பல்லாண்டு காலம் இருந்த விதி என்ன? சந்தன மரம் உன் பட்டா நிலத்தில் தானாக முளைத்தாலும் அது சர்க்காருடையது. 2000களில்தான் அந்த விதி தளர்ந்தது. அதுவரை சந்தனம் முளைத்த கொல்லைக்காரனுக்கு லாபம் ஒன்றும் இல்லை. மரம் திருடு போனால் முதல் விசாரணை மட்டும் அவனிடம். "முளைச்சா புடுங்கிப் போட்டுடுவோம் சார். வளர்ந்தா கேஸ்தான்" என்று ஒருவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. உலகத்திலேயே விலை உயர்ந்த மரங்களில் ஒன்று வீட்டு வாசலில் தானாக முளைக்கிற ஊரில், முளையிலேயே கிள்ளுகிற பழக்கத்தை உண்டாக்கியது ஒரு சட்டம். வளர்ந்து நின்ற மரங்களைக் கடத்தல்காரன் பார்த்துக்கொண்டான். வெட்டக் கூலிக்கு ஆள்? அதே மலைக்காரன்தான்.

அந்தச் சந்தனத்தின் பெயரால்தான் 1992 ஜூன் 20ஆம் தேதி தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்திக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் புகுந்தன. அதுவும் மலையாளிகளின் ஊர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். ஊரைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் 2011ல் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த 215 பேரில் ஐந்து பேர் வருவாய்த்துறை. எங்கள் ஆட்கள். காடு வனத்துறை பாடு, எங்களுக்கு என்ன என்று வருவாய்த்துறையில் யாரும் சொல்ல முடியாது.

ஜவ்வாது மலையில் சந்தனம் தீர்ந்தது. கோடரி பிடித்த கைக்கு வேலை ஆந்திரத்தில் கிடைத்தது: செம்மரம். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் நம் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டக்காரர்கள். ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களும் அதில் உண்டு. அன்று தொலைக்காட்சியில் எல்லோரும் துப்பாக்கியைப் பற்றிப் பேசினார்கள். கண்ணமங்கலம், படவேடு பக்கம் பஸ் ஸ்டாண்டில் மேஸ்திரி ஆள் பிடிக்கும்போது ஒரு மனிதன் ஏன் ஏறிப் போகிறான் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசினார்கள்.

2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13ஆம் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. பழங்குடி அல்லாதவர் என்றால் 75 வருஷம், மூன்று தலைமுறை காட்டை நம்பி இருந்ததைக் காட்ட வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமைச் சீட்டு. வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. கோரிக்கையை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. பிறகு கோட்ட அளவிலான குழு, அதன்பின் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. தமிழ்நாட்டில் என்ன ஆனது? சட்டத்தை எதிர்த்து வழக்கு. 2008 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. நீதிமன்றத்தைக் கேட்காமல் உரிமைச் சீட்டு கொடுக்க முடியாமல் போய், 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விலக்கியபிறகுதான் வண்டி நகர்ந்தது. மற்ற மாநிலங்கள் கொடுத்துக்கொண்டிருந்தபோது நாம் எட்டு வருஷம் கோப்பைக் கட்டி வைத்திருந்தோம்.

அதன்பின் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எப்படி அளந்து கொடுத்தார்கள்? இங்கேதான் என் தொழில் புத்தி சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. கையில் பிடிக்கிற ஜிபிஎஸ் கருவியை எடுத்துக்கொண்டு நிலத்தின் நான்கு மூலைக்கு நடந்து, புள்ளி வைத்து, கணினியில் போட்டால் படம் வந்துவிடும். வேகமான வேலைதான். ஆனால் மரத்தடியிலும் மலைச்சரிவிலும் அந்தக் கருவி ஐந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சாதாரணம். சமவெளியில் ஐந்து ஏக்கர் பண்ணைக்கு அது ஒன்றுமில்லை. மலையில் ஒரு குடும்பத்தின் கொல்லை 50 சென்ட் என்றால், பக்கத்துக்கு 45 மீட்டர் உள்ள ஒரு சதுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து மீட்டர் உள்ளே தள்ளிப் புள்ளி விழுந்தால் ஐந்தரை சென்ட் காணோம். அந்த ஐந்தரை சென்ட்டில்தான் அவர் அப்பா நட்ட பலாமரம் நிற்கும். அடுத்த வருஷம் வனக் காப்பாளர் வந்து, "உன் படத்துக்கு வெளியே மரம் இருக்கு" என்பார்.

இன்னொன்றும் உண்டு. புலப்படத்தில் வருவது கிடைமட்ட அளவு. சரிவில் சங்கிலியைத் தரையோடு போட மாட்டோம்; படிப்படியாகக் கிடையாகப் பிடித்துக் குண்டு விட்டு இறக்குவோம். முப்பது டிகிரி சரிவில் நூறு அடி நடந்தால் படத்தில் 87 அடிதான் ஏறும். மலைக்காரர் ஏர் ஓட்டின கணக்கில் நிலம் ஒன்று, சீட்டில் ஒன்று. 'சர்க்கார் என் நிலத்தைக் குறைச்சிடுச்சு' என்று அவர் சொல்வார். அதிகாரி 'பொய் சொல்றான்' என்பார். இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். பக்கத்தில் நின்று பத்து நிமிஷம் விளக்க ஒரு சர்வேயர் இல்லாததால் அது புகாராகி, வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுவாக வந்து நிற்கும்.

சட்டத்தின் 13ஆம் விதி அழகான விதி. பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம், வரப்பு, கோரிக்கையாளர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் ஆதாரம் என்கிறது. அதாவது அங்கே வாழ்ந்த அடையாளமே பத்திரம். செயற்கைக்கோள் படத்தில் பசுமையாகத் தெரிகிறது, ஆகவே சாகுபடி இல்லை என்று மேசையில் உட்கார்ந்து தள்ளுபடி செய்வது அந்த விதிக்கு விரோதம். சாமை நிலம் எல்லா வருஷமும் உழப்படுவதில்லை. தரிசு விட்டு மாற்றி விதைப்பார்கள். தரிசு விட்ட வருஷத்துப் படத்தில் புதர்தான் தெரியும்.

ஆனாலும் தனிப்பட்டா பாதிக் கதைதான். அந்தச் சட்டத்தின் உயிர், தனி உரிமையைச் சொல்லும் அதே 3ஆம் பிரிவில் இன்னோரிடத்தில் இருக்கிறது: தலைமுறையாகக் காத்து அனுபவித்துவந்த காட்டையே ஊர்ச் சமூகத்தின் வளமாக அங்கீகரித்து, அதை நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்குக் கொடுப்பது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா-லேகா என்ற சின்ன ஊருக்கு 2009ல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டின்மேல் அந்த உரிமை கிடைத்தது. 2011ல் மூங்கிலுக்கு வழிச்சீட்டு கொடுக்கும் அதிகாரமே கிராம சபையின் கைக்கு வந்தது. நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில், அதே 2011ல், புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களின் கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கொடுத்தார்கள். புலி ஓடிப்போய்விடவில்லை.

இதற்குச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களில் ஒரு சாரார் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். கொடுத்தால் காட்டை வெட்டிவிடுவார்கள், நாளைக்குப் புதிதாக ஆக்கிரமிப்பார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2005க்குப் பிறகும் காட்டோரத்தில் நெருப்பு வைத்துக் கொல்லையை நீட்டிய இடங்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது, இருக்கவும் கூடாது. ஆனால் அப்படி நீட்டுவதை முதலில் கண்டுபிடிப்பவர் யார்? பக்கத்துக் கொல்லைக்காரர். அவருக்குக் காட்டில் பங்கு இருந்தால் சொல்வார். இல்லையென்றால், யாரோ சர்க்கார் சொத்து, நமக்கென்ன என்று இருந்துவிடுவார். காப்புக்காடு என்ற பலகையே காட்டைக் காக்குமா? திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதற்கு விடை தெரியும். நம் ஊரை ஒட்டிய கவுத்திமலையும் வேடியப்பன் மலையும் காப்புக்காடுகள்தான். அங்கே இரும்புத்தாது வெட்ட ஜிண்டால் குழுமம் சம்பந்தப்பட்ட திட்டம் வந்தபோது அந்தப் பலகை ஒன்றும் பேசவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களின் விவசாயிகள்தான் பேசினார்கள். மலை இன்னும் நிற்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் அண்ணாமலையார் மலைச்சரிவு சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் புதையுண்டார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அதிலிருந்து 'மலை ஆக்கிரமிப்பு' என்றாலே எல்லா மலையையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுகிறார்கள். நகரம் பெருத்து, வாடகைக்கு வழியில்லாமல் சரிவில் ஏறிய குடும்பங்களின் பிரச்சினை வீட்டுமனைப் பிரச்சினை. அவர்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் மாற்று வீடு கொடுத்து இறக்க வேண்டும். ஜவ்வாது மலைக்காரர் நேற்று ஏறி வந்தவர் இல்லை, தலைமுறையாக அங்கேயே இருப்பவர். அவரை அதே சொல்லால் சொல்வது சட்டப்படியும் தவறு.

மலைக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எனக்கு வரும் அந்தப் போன் அழைப்புகளிலிருந்துதான். ஆந்திரத்தில் பழங்குடிப் பகுதி நிலத்தைப் பழங்குடி அல்லாதவர் வாங்கவே முடியாது. 1970ல் இறுக்கிய விதி அது. அங்கே அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப்படி அறிவித்த பகுதிகள் இருக்கின்றன. அந்த அட்டவணைப்படி அறிவித்த பகுதி பத்து மாநிலங்களில் உண்டு; தமிழ்நாட்டில் ஒரு சென்ட்கூட இல்லை. 2011 கணக்குப்படி நம் பழங்குடிகள் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எண்ணிக்கை குறைவு, ஓட்டும் குறைவு. வன உரிமைச் சீட்டு விற்க முடியாதது. ஆனால் பழைய வருவாய்ப் பட்டாக்கள் கைமாறுகின்றன. நேராக விற்பதில்லை. மகளின் கல்யாணத்துக்கு ஐம்பதாயிரம் வாங்கி மூன்று வருஷத்துக்குப் போக்கியம். திருப்ப முடியாமல் இன்னொரு மூன்று வருஷம். பிறகு கம்பி வேலி, கேட், 'தனியார் இடம்' பலகை. காட்டில் விறகு பொறுக்கும் கிழவியைப் பிடிக்க ஆள் இருக்கிறது. வேலி போடுகிறவனைக் கேட்க யாரும் இல்லை. பழங்குடி நிலத்தை மற்றவர்க்கு மாற்றத் தடைசெய்யும் தனிச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டுக்குத் தேவை. அதுவும் போக்கியத்தையும் குத்தகையையும் சேர்த்துத் தடுக்கிற சட்டம்.

சாலைக்கும் வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, சாலை, குடிநீர்க் குழாய் என்று 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால், மத்திய அரசின் பெரிய அனுமதிச் சடங்கு இல்லாமலே ஒதுக்கலாம். 2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்றவர்கள் உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினார்கள். அப்போது வன அனுமதி பற்றி நிறையப் பேசினார்கள். அந்தப் பிரிவு அப்போதே சட்டப் புத்தகத்தில் பதினாறு வருஷமாக இருந்தது.

ஜவ்வாது மலை ஒன்றியத்து ஊராட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிற கிராம சபை ஜனவரி 26 ஆனாலும் ஆகஸ்ட் 15 ஆனாலும், தெருவிளக்குத் தீர்மானத்தோடு வன உரிமைத் தீர்மானத்தையும் வையுங்கள். தனிநபர் மனுவுக்கு ஏ படிவம், சமூக உரிமைக்கு பி படிவம். காட்டின்மேல் ஊருக்குள்ள நிர்வாக உரிமையைக் கேட்பது சி படிவம். அதைத்தான் யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். பெயருக்கு எழுதாமல், தேன், புளி, கடுக்காய் எடுக்கக் காட்டுக்குள் போகிறவர்களாகப் பார்த்துப் போடுங்கள், எல்லை அவர்களுக்குத்தான் தெரியும். அளக்க வருகிற நாளில் பெரியவர்களை வீட்டில் உட்கார வைக்காதீர்கள்.

மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு வேண்டுகோள். ஜிபிஎஸ் புள்ளியோடு நிறுத்தாமல், காப்புக்காட்டுக்கும் ஊருக்கும் நடுவிலுள்ள எல்லையை டோட்டல் ஸ்டேஷன் கருவி வைத்து அளந்து, வருவாய்த்துறை, வனத்துறை இரண்டின் படத்திலும் ஒரே கோடு வரும்படி கல் நடச் சொல்லுங்கள். அளக்க ஆள் பற்றாக்குறை என்று கோப்பில் எழுதி வரும். திருவண்ணாமலையில் ஓய்வுபெற்ற சர்வேயர்கள் பல பேர் சும்மாதான் இருக்கிறோம். கூப்பிட்டால் வருகிறோம்.